தறி நின்ற நாளில் பார்த்த படம்

என் மாமாவுக்கு ஒரு சினிமா இயக்குநர்மேல் பைத்தியம். நடிகர்மேல் பைத்தியமாக இருந்தால் ஊர் மன்னித்துவிடும். இயக்குநர்மேல் என்றால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். அத்தை எப்படியோ வந்து மாட்டிக்கொண்டாள். பல்லடத்துக்குப் பக்கத்தில் தோட்டத்துக்குள் அவர்கள் வீடு. வீட்டை ஒட்டியே தறி ஷெட், பன்னிரண்டு விசைத்தறிகள். இரவும் பகலும் அவை ஓடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும். மாமாவும் கத்திக் கத்தித்தான் அந்த இயக்குநரின் பெருமையைச் சொல்வார்.

“மத்தவங்கெல்லாம் பேயை வெச்சுப் படம் எடுப்பாங்க கண்ணு. இவரு ஒரு கதவை வெச்சே எடுத்துப்போடுவாரு!”

அது உண்மைதான். அவர் படங்களில் பேய் கண்ணில் பட்டதே இல்லை. காலியான நாற்காலி, கொடியில் காயும் ஒரு சேலை, பாதி திறந்த கதவு, இவ்வளவுதான் இருக்கும். கேமரா அதையே பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்கும், நாம் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்வோம். ஒவ்வொரு படத்தையும் மாமா தியேட்டரில் மூன்று தடவை பார்த்ததோடு, டிவிடியும் வாங்கி அடுக்கியிருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு காட்சியைப் போட்டு, நடுநடுவே நிறுத்தி விளக்கம் சொன்ன பிறகுதான் காபி வரும்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மாவுக்கு ஒரு ஆபரேஷன். அப்பாவும் அத்தையும் அம்மாவோடு கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். என்னை மாமாவிடம் விட்டார்கள். என்ன ஆபரேஷன் என்று யாரும் சொல்லவில்லை. “சின்னதுதான் அம்மணி” என்றார்கள். அப்படிச் சொன்ன ஒவ்வொருவரும் என் தலையைத் தடவினார்கள். அதிலேயே அது சின்னது இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். மாமா ஷெட்டுக்குள் போனார். ஒவ்வொன்றாகத் தறிகள் நின்றன.

எங்கள் பக்கத்தில் தறி மூன்று காரணங்களுக்குத்தான் நிற்கும். கரண்ட் போனால் நிற்கும். ஆயுத பூசைக்கு நிற்கும். எழவு விழுந்தால் நிற்கும். ஒன்பது வயதுக்குள் இதையெல்லாம் நான் கற்றுக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஆயுத பூசை முடிந்து, பொங்கலும் போய்விட்டது. மிச்சம் ஒன்றுதான் இருந்தது. கையிலிருந்த முறுக்கைக் கடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

மாமா திரும்பி வந்தார். தறி ஓட்டுகிறவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டாராம்.

“வா கண்ணு, படம் பாக்கலாம். இந்தப் படத்துல சத்தமே கெடையாது. அதுதான் இவரோட புதுமை. தறி ஓடுனா அது எப்படித் தெரியும்? அதுக்குத்தான் நிறுத்திப்போட்டேன்.”

அம்மா ஆபரேஷன் மேசையில் கிடக்கும்போது பிள்ளைக்குப் பேய்ப்படம் போட்டுக் காட்டிய மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, வீட்டில் வேறு படமே கிடையாது.

படம் ஓடியது. ஆட்கள் வாயை அசைத்தார்கள், வார்த்தை வரவில்லை. மரங்கள் ஆடின, காற்றின் சத்தம் இல்லை. பிறகு ஒரு பெண் வீட்டுக்குள் போனாள். கேமரா அவள் பின்னால் போகாமல் வாசலிலேயே நின்றுவிட்டது. பாதி திறந்த கதவு. உள்ளே இருட்டு. போனவள் வரவில்லை.

மாமாவிடம் அம்மாவைப் பற்றிக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் சொல்லிவிடுவாரே. அதனால் மனதுக்குள் ஒரு முடிவு செய்தேன். அந்தப் பெண் கதவைத் தாண்டி வெளியே வந்தால் அம்மா உயிரோடு இருக்கிறாள். வராவிட்டால் இல்லை. கண்ணைச் சிமிட்டாமல் கதவையே பார்த்தேன். ஒரு தடவை மாமாவைப் பார்த்தபோது அவர் படத்தைப் பார்க்கவில்லை. டிவிக்கு மேலே வைத்திருந்த செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனப்பாடமான படம்தானே, அதனால்தான் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

அப்போது வெளியே காலடிச் சத்தம். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அவர் மனைவியும், பின்னால் இன்னும் இரண்டு பேரும் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்து நின்றார்கள்.

“ஏனுங்க தம்பி, எங்க ஊட்டுல கரண்ட் இருக்குது, உங்க தறி நின்னுபோச்சுங்க. என்னாச்சுங்க?”

மாமா வாயைத் திறப்பதற்குள் தோட்டத்துக்காரர் மனைவி என்னைப் பார்த்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “அய்யோ, இந்தப் புள்ளையை உட்டுப்போட்டு…” என்றார்.

நான் அலறினேன். அப்படி அதற்கு முன்னும் அலறியதில்லை, பின்னும் அலறியதில்லை. முறுக்கு எங்கே போனதோ தெரியாது. “ஒண்ணுமில்லீங்க, படம் பாக்கறமுங்க” என்று மாமா சொன்னதை யாரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. அந்தக் களேபரத்தில் போன் அடித்தது.

மாமா ஒரே தாவலில் எடுத்தார்.

“சொல்லுங் மச்சான்… சரிங்… அக்கா கண்ணு முழிச்சுருச்சுங்களா?”

போனை வைத்துவிட்டு, “நல்லபடியா முடிஞ்சுருச்சு கண்ணு” என்றார். நேராக ஷெட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு தறிகளையும் ஓடவிட்டார். நான் திரும்பிப் பார்த்தபோது டிவியில் வேறு காட்சி வந்திருந்தது. அந்தப் பெண் வெளியே வந்தாளா என்று தெரியவில்லை. கடைசி எழுத்து ஓடி முடியும்வரை யாரையும் எழுந்திருக்க விடாதவர் பாதியில் போய்விட்டாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

வளர்ந்தபின் நானும் அந்த இயக்குநரின் பைத்தியமானேன், பழியை மாமாமேல் போடலாம். அந்தக் கதவுக்குப் பயந்து அந்த ஒரு படத்தை மட்டும் மறுபடி பார்க்கவில்லை. கல்லூரித் திரைப்படக் குழுவில் அவருடைய சத்தமில்லாத படத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். யாரும் மறுக்கவில்லை. யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை.

போன வருஷம் அந்தப் படத்தைக் கோயமுத்தூரில் மறுபடி வெளியிட்டார்கள். அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். முதல் காட்சியிலேயே காகம் கரைந்தது. காற்று வீசியது. ஆட்கள் மூச்சுவிடாமல் பேசினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கதவுக் காட்சி வந்தது. உள்ளே அந்தப் பெண் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று அது நின்றது. அம்மா என் கையை இறுகப் பிடித்தாள். ஓடிக்கொண்டிருக்கிற சத்தம் நிற்பதுதான் பயம் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. தறிக்காரர் வீட்டில் வளர்ந்தாரோ என்னவோ. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இடைவேளையில் மாமாவுக்குப் போன் செய்தேன். பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது.

“மாமா, அந்தப் படத்துல சத்தம் இருக்குதுங்க!”

மூன்று தடவை கத்தினேன். அவர் ஷெட்டை விட்டு வெளியே வந்தார்.

“இருக்கும் கண்ணு. நான்தான் டிவி சத்தத்தை அமத்தி வெச்சிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தா கேக்கோணுமல்ல?”

அந்த அறையில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான் என்று அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.