சூடேறாத ஒரு துண்டுத் தரை

1. தண்ணீர் வந்ததும் ஃபோர்மனின் முகம் கறுத்ததும்

முதல் நாள் வேலைக்குப் போனபோது, கிணறு வெட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. மொன்றியலுக்கு அகதியாக வந்து ஒரு குளிர்காலத்தை எப்படியோ தள்ளியிருந்தேன். என்னோடு ஒரே கட்டிடத்தில் இருந்த சவிரி அண்ணைதான் வேலை பிடித்துத் தந்தார். மன்னார்க்காரர், கத்தோலிக்கர், எனக்கு முன்னமே வந்து பிரெஞ்சு கொஞ்சம் பிடித்து வைத்திருந்தவர்.

"இல்-பிசாரிலை வயசுபோன ஆக்களுக்கு ஒரு இல்லம் கட்டுறாங்கள். வளவுக்குள்ளை துளை போடோணுமாம். கிணறு வெட்டத் தெரிஞ்ச ஆள் இருக்கோ எண்டு கேட்டாங்கள். ஓம், குணம் எண்டு ஒருத்தன் இருக்கிறான் எண்டிட்டன்" என்றார்.

"எனக்கெங்க அண்ணை கிணறு வெட்டத் தெரியும்? நான் மட்டக்களப்பில கூட்டுறவுச் சங்கக் கடையில எல்லோ வேலை செஞ்சநான்."

"அது அவங்களுக்குத் தெரியாதுதானே. பேசாமல் வா."

இல்-பிசார் பஸ் குறைந்த தீவு. இக்கரையில், டொலார்ட் என்ற ஊரில், ஒரு டெப்பானர் மூலைக்கடை வாசலில் நாங்கள் நிற்போம், ஃபோர்மன் ரேஜான் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். கட்டையான ஆள், குரல் மட்டும் ஆளைவிடப் பெரிது. இடக்காலை லேசாக இழுத்து நடப்பார். அவர் பேசியது கியூபெக் பிரெஞ்சு. எனக்கு விளங்கிய அளவில், விளங்காததைச் சவிரி அண்ணை சொல்லித் தந்த அளவில், எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

வளவில் லொறியோடு பூட்டிய பெரிய ட்ரில் ஒன்று நின்றது. நல்லவேளை, என்னை வெட்டச் சொல்லவில்லை. சேறு அள்ளுவதும் பைப் தூக்கிக் கொடுப்பதும்தான் வேலை. முதல் துளை ஆழமாகப் போனதும் தண்ணீர் குபுகுபுவென்று மேலே வந்தது. நானும் சவிரி அண்ணையும் சந்தோஷத்தில் ஓடிப்போய்க் கையில் ஏந்தினோம். ஊரில் என்றால் சர்க்கரை பகிர்ந்திருப்போம். சவிரி அண்ணை சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஒரு வாய் குடித்தும் பார்த்தார்.

"நல்ல தண்ணி தம்பி. உப்பே இல்லை."

திரும்பிப் பார்த்தால் ரேஜான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார். முகத்தில் செத்தவீட்டுக் களை.

"ஆருக்கு வேணும் தண்ணி? போய்ப் பம்பைக் கொண்டாங்கோ. இந்தச் சேறு முழுக்க இனி உங்கட தலையில."

மத்தியானச் சாப்பாட்டில்தான் விளங்கப்படுத்தினார். கீழே ஆழத்தில் வெயிலும் எட்டாது, பனியும் எட்டாது. மேலே என்ன குளிர் அடித்தாலும் அங்கே ஒரே பதமான சூடுதான். துளைக்குள் பைப்பை இறக்கி, கீழே வளைத்து, திரும்ப மேலே கொண்டுவருவோம். உறையாத மருந்து கலந்த தண்ணீர் அதற்குள் சுற்றிச் சுற்றி வரும்போது அந்தச் சூட்டை எடுத்துவரும். பேஸ்மென்டில் இருக்கிற ஹீட் பம்ப் அந்தச் சூட்டை இன்னும் கூட்டி, தரைக்குள் பதித்த பைப்புகளுக்கு அனுப்பும்.

"அப்ப நெருப்பு எங்க?" என்று கேட்டேன்.

"நெருப்பில்லை. உன்ர வீட்டு பிரிட்ஜுக்குப் பின்னால கை வச்சுப் பார்த்திருக்கிறியோ? சூடா இருக்கும். உள்ளுக்க இருக்கிற சூட்டை எடுத்துப் பின்னால தள்ளுது. இங்க பிரிட்ஜின்ர உள்பக்கம் இந்த வளவு. பின்பக்கம் அந்தக் கட்டிடம்."

இந்தத் தொழிலைப் பற்றி அதன் பிறகு எத்தனையோ வகுப்புகளில் இருந்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

2. வாசலில் இரண்டு சோடி பூட்ஸ்

இலைகள் நிறம் மாறத் தொடங்கிய நேரம் துளைகள் முடிந்து, பைப்புகளைச் சூடாக்கி ஒட்டி, வளவை மூடிவிட்டோம். வேலை கட்டிடத்துக்குள் வந்தது. தரைக்குள் பைப் பதித்து, கொன்க்ரீட் ஊற்றி, மேலே ஓடு பதித்து அறைகள் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தன. அங்கேதான் வில்லங்கம் தொடங்கியது.

சேறும் கல்லுமாக இருந்தவரை பூட்ஸ் எங்களுக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை. ஆனால் கழுவித் துடைத்த புது வீட்டுக்குள் சப்பாத்தோடு நுழைய எங்கள் காலுக்குப் பழக்கமில்லை. யோசித்துச் செய்வதில்லை, வாசலில் கால் தானாக நிற்கும், கை தானாக நாடாவை அவிழ்க்கும். ஒருநாள் ஒரு அறை வாசலில் இரண்டு சோடி சேஃப்டி பூட்ஸ் ஒழுங்காக வைத்திருப்பதைக் கண்ட ரேஜான், ஆட்கள் எங்கே பறந்துபோனார்கள் என்று கேட்டுச் சிரித்தார். அடுத்த முறை சிரிக்கவில்லை. சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போய், கதிரையில் அமர்ந்து, தன் இடது பூட்ஸையும் காலுறையையும் கழற்றினார்.

இரண்டு விரல்கள் இல்லை.

"ஒரு கட்டுப் பைப் விழுந்தது. பூட்ஸ் போடப் பஞ்சிப்பட்டு, அண்டைக்குச் சாதாரண சப்பாத்தோட வேலைக்கு வந்தனான். வடிவாப் பாருங்கோ. இனி ஒருக்கா பூட்ஸ் இல்லாமல் கண்டனெண்டால், அடுத்த நாள் வான் உங்களுக்கு நிக்காது."

சவிரி அண்ணை விடவில்லை. இல்லத்தில் ஒரு சிறு ஆலயமும் இருந்தது, பிரார்த்தனைக்கு. "மற்ற அறையள் சரி. கோயிலுக்குள்ளை எப்பிடி ரேஜான் பூட்ஸோடை போறது?"

"நானும் கத்தோலிக்கன்தான். என்ர கலியாணத்துக்கே சப்பாத்தோடதான் கோயிலுக்குள்ள போனநான்."

"அதுதான் உங்கடை ஆக்கள் இப்ப கோயில் பக்கமே போறேல்லை."

ரேஜானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் போகும்போது என்னைப் பார்த்து விரலை ஆட்டிவிட்டுத்தான் போனார். மனைவியும் மகளும் மட்டக்களப்பில். நிலையான வேலை இருந்தால்தான் அவர்களைக் கூப்பிட வழி என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். அந்த வான்தான் எனக்கு எல்லாம். அன்று முதல் பூட்ஸோடு படுக்கச் சொன்னாலும் படுத்திருப்பேன்.

3. ஜன்னலோரம்

முதல் பனி விழுவதற்கு முன்னரே ஹீட் பம்பை ஓடவிட்டோம். டெக்னீசியன் கருவிகளோடு வந்து அறை அறையாகப் பார்த்து, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். ரேஜான் சீட்டியடித்துக்கொண்டு திரிந்தார். அந்த வாரக் கடைசியில் முதியவர்கள் குடிவருகிறார்கள்.

என்னை ஆலயத்தைத் துடைக்க அனுப்பினார்கள். வாசலில் நின்று பார்த்தேன். மாதா சிலைக்குச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை யாரோ கழற்றியிருந்தார்கள். ஆற்றுப் பக்க ஜன்னலால் வெளிச்சம் அவவின் முகத்தில் விழுந்தது. நான் சைவக்காரன். ஆனாலும் எங்கள் ஊர் மாமாங்கப் பிள்ளையாருக்கு ஒரு மரியாதை, மாதாவுக்கு வேறொரு மரியாதை என்று எங்களை யாரும் வளர்க்கவில்லை. ரேஜான் கீழே மெசின் அறையில் இருந்தார். அந்தத் துணிவில் பூட்ஸைக் கழற்றிவிட்டேன்.

உள்ளே காலை வைத்ததும் உடம்பே சிலிர்த்தது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து கீழேயிருந்து ஒரு சூடு என் காலில் ஏறியதில்லை. மத்தியான வெயில் சாய்ந்த பிறகு முற்றத்து மணலில் நிற்பதுபோல ஒரு இதம். தரை துடைக்கிற தடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். பிறகு ஜன்னல் பக்கம் துடைத்துக்கொண்டு போனேன்.

அங்கே கால் குளிர்ந்தது.

பின்னுக்கு வந்தேன், சூடு. முன்னுக்குப் போனேன், குளிர். பாய் விரித்த அளவு ஒரு துண்டு, ஜன்னல் நீளத்துக்கு. கையை வைத்துப் பார்த்தேன். சேறு அள்ளித் தடித்த கைக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. சூட்டிலிருந்து குளிருக்கு நடந்து போகிற காலுக்குத்தான் தெரிந்தது. எதிர்ச் சுவரில் தெர்மோஸ்டாட் சரியான அளவைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

சவிரி அண்ணையைக் கூப்பிட்டேன். அவரும் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

"ஓம் தம்பி, பச்சைத்தண்ணியாக் கிடக்கு."

"சொல்லோணும் அண்ணை."

"என்னெண்டு சொல்லுவாய்? எப்பிடித் தெரியும் எண்டு கேப்பான். வான் நிக்காது." கொஞ்சம் யோசித்தார். "கையாலை தொட்டுப் பார்த்ததெண்டு சொல்லு."

சொல்லாமல் விட்டால் என்ன என்றும் ஒரு மனம் கேட்டது. அந்த ஜன்னலோரம் நீள வாங்குகள் போடாமல் விட்டிருந்தார்கள், சில்லுக் கதிரைகளுக்காக. நடமாட ஏலாதவர்களைக் கொண்டுவந்து விடப்போவது அங்கேதான். என் முதல் குளிர்காலம் ஞாபகம் வந்தது. பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு பேஸ்மென்ட் அறை. கால் குளிருது என்று வீட்டுக்காரரிடம் சொன்னால், வந்து சுவரிலிருக்கிற கருவியைத் தட்டிக் காட்டுவார். "சரியாத்தானே இருக்கு" என்பார். போய்விடுவார். எனக்கோ இளவயது, இரண்டு காலுறை போட்டுக்கொண்டு சமாளித்தேன். இந்தச் சனம் குளிருது என்றால் வயது போய்விட்டது, அதுதான் என்று சொல்லிவிடுவார்கள். அவர்களும் நம்பிவிடுவார்கள்.

பூட்ஸை மாட்டிக்கொண்டு கீழே போய் ரேஜானிடம் சொன்னேன். சவிரி அண்ணை சொல்லித் தந்த மாதிரியே, கையால் தொட்டுப் பார்த்தேன் என்று.

வந்தார். குனிந்து கையை வைத்தார். அவருடைய கை என் கையைவிடத் தடிப்பு. பிறகு தெர்மோஸ்டாட்டைப் பார்த்தார்.

"சரியாத்தானே இருக்கு" என்றுவிட்டுத் திரும்பினார்.

அதே சொல். எனக்கு எங்கிருந்தோ ஒரு கோபம் வந்தது. மனைவி, மகள், வான் எல்லாம் அந்த ஒரு கணம் மறந்துபோயின.

"கைக்குத் தெரியாது. பூட்ஸைக் கழட்டினாத்தான் தெரியும்."

ரேஜான் நின்றார். என் காலைப் பார்த்தார். அவசரத்தில் ஒரு நாடாவைக் கட்டாமல் விட்டிருந்தேன். சவிரி அண்ணை மாதாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ரேஜான் ஒரு வாங்கில் அமர்ந்து, தன் இரண்டு பூட்ஸையும் கழற்றினார். காலுறையோடு மெல்ல நடந்தார். ஜன்னலடியில் நின்றார். பின்னுக்கு வந்தார், திரும்பப் போனார், திரும்ப வந்தார். பிறகு அவர்கள் ஊரில் கோயிலுக்குள் சொல்லக்கூடாத ஒரு சொல்லைச் சொன்னார்.

பைப்புகள் பிரிகிற அலுமாரியைத் திறந்து பார்த்தபோது, ஜன்னலடிக்குப் போகிற ஒரு பைப் சுற்றுக்குள் காற்று அடைத்துக்கொண்டிருந்தது. மற்றச் சுற்றுகளின் சூடே அறைக்குப் போதுமாக இருந்ததால் தெர்மோஸ்டாட் ஏமாந்துவிட்டது. நடு மாசியில் இந்த ஆற்றுக் குளிர்காற்று அடிக்கும்போதுதான் வித்தை தெரிந்திருக்கும். காற்றை வெளியேற்றினோம். பைப் கொஞ்சம் உறுமி, தும்மி, அடங்கியது. பின்னேரம் போய் நின்று பார்த்தால் ஜன்னலடியும் சூடேறத் தொடங்கியிருந்தது.

ரேஜான் நன்றி சொல்லவில்லை. மற்ற அறைகளிலும் எங்களைக் காலுறையோடு நடக்கச் சொல்லி, தான் முன்னால் தரையில் ஆணி கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனார். ஒரு குளியலறையிலும் இதே குறை அகப்பட்டது. எங்களை இறக்கிவிடும்போதுதான் வாயைத் திறந்தார்.

"நாளைக்கு வான் வழமையான இடத்தில. பிந்தாதைங்கோ."

சவிரி அண்ணை வழி முழுக்கச் செபமாலை உருட்டிக்கொண்டு வந்ததை அப்போதுதான் கண்டேன். எனக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதேன்.

4. திறப்பு நாள்

திறப்பு நாளன்று நல்ல பனி. குருவானவர் முழங்கால் வரை பனிச் சப்பாத்தோடு வந்து ஆலயத்துக்குள் நுழையப் போனார். வாசலில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு ரேஜான் நின்றார்.

"ஃபாதர், சப்பாத்து" என்றார்.

குருவானவர் விளங்காமல் பார்த்தார். ரேஜான் தன் காலைக் காட்டினார். காலுறை. வேறு வழியில்லாமல் குருவானவர் குனிந்து கழற்றினார். அவருக்குப் பின்னால் வந்த முகாமையாளர் அம்மா கழற்றினார், எஞ்சினியர் கழற்றினார், முதியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் கழற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வாசல் எங்கள் ஊர்த் திருவிழா வாசல் மாதிரி ஆகிவிட்டது. சவிரி அண்ணை என் விலாவில் இடித்தார்.

"பார்த்தியே, கோயிலாக்கிப் போட்டம்."

ஜன்னலடியில் சில்லுக் கதிரையில் ஒரு வயதான அம்மா இருந்தார். வீட்டுச் செருப்பிலிருந்து ஒரு காலை வெளியே எடுத்துத் தரையில் வைத்தார். கொஞ்சம் பொறுத்து மற்றக் காலையும் வைத்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று சவிரி அண்ணையைக் கேட்டேன்.

"ஆரோ இப்பத்தான் எழும்பிப் போன கதிரை மாதிரி இளஞ்சூடா இருக்காம்."

நானும் காலுறையைக் கழற்றி, வெறுங்காலோடு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

என் மனைவியும் மகளும் பின்னர் வந்து சேர்ந்தார்கள். நான் ஃபோர்மனாகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போது தரைக்குள் இருக்கிற சூட்டை நிறம் நிறமாகக் காட்டுகிற கமராக்கள் வந்துவிட்டன. நல்ல சாமான், வாங்கிப் பாவியுங்கள். வேலை நடக்கிற இடத்தில் பூட்ஸைக் கழற்றவும் வேண்டாம், ரேஜானின் கால் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஆனால் வேலை முடிந்த வீட்டில் ஒருவர் குளிருது என்று சொன்னால், சுவரிலிருக்கிற கருவியைக் காட்டாதீர்கள். அவர் இருக்கிற இடத்தில் போய் நில்லுங்கள், சப்பாத்தைக் கழற்றிவிட்டு.