பழைய சாக்கில் மாறாமலைக் கிராம்பு

என் முதல் ஏற்றுமதி லோடு தூத்துக்குடியில் மறிக்கப்பட்டது. மூக்கு வேலை செய்தால் போதும் என்றிருந்த தொழில் கிராம்பு வியாபாரம். இப்போது காகிதம் வேலை செய்யவேண்டும். மிளகும் ரப்பரும் விற்றுக் கெட்டவர்களுக்கு நான் சொல்லவேண்டாம்.

வரியில்லா விருந்தாளி

இலங்கையோடு ஒப்பந்தம். அங்கிருந்து வரும் கிராம்புக்கு வரி கிடையாது. நாம் மாறாமலைத் தோட்டங்களில் மரத்தில் ஆள் ஏற்றிப் பறித்து, மழைக்கு வாரி, வெயிலுக்கு விரித்துக் கொண்டுபோகுமுன் அது குறைந்த விலையில் கடையில் உட்கார்ந்திருக்கும். நாகர்கோவிலில் என் பழைய வாடிக்கைக் கடைக்காரர் ஒரு கிராம்பை நகத்தால் கீறினார். எண்ணெய் கசிந்தது. முகர்ந்தார். திருப்பி வைத்தார்.

“வாசம் உம்ம கிராம்புக்குத்தான் அண்ணாச்சி. பிரியாணி திங்கிறவன் ஊரு கேக்கமாட்டான்.”

துபாய்

துபாய் இருக்கும் நாட்டோடும் ஒப்பந்தம் உண்டு. இந்தியச் சரக்கென்று சான்றிதழ் இருந்தால் வரிச் சலுகை. அங்கே ஒருவர் வாங்கச் சம்மதித்தார். இந்தக் கப்பலைத் தவறவிட்டால் வேண்டாம் என்றும் சொன்னார். சரக்குத் தந்த தோட்டக்காரன் தாசையனிடம் போய்ச் சொன்னேன். அவன் மரத்தை அண்ணாந்து பார்த்தான்.

“இதும் போவல்லேண்ணா முறிச்சுப் போடுவேன். ரப்பரு வச்சா பாலாவது வரும்.”

சாக்கு

சாக்கை வீணாக்குவது எங்கள் வழக்கமில்லை. எந்தச் சரக்கு வந்த சாக்கானாலும் உதறி, ஓட்டையைத் தைத்து, மறுபடி கட்டுவோம். கடைகளில் காலியான சாக்கை வாங்கி அப்படித்தான் கட்டினோம். ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் ‘இலங்கைக் கிராம்பு’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. சரக்கு வைக்கும் கிட்டங்கியில் கிராம்பு தெரிந்தெடுக்கும் ரோஸ்லெட், என் வயதுக்காரி, அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாயைப் பொத்து என்றேன். சாக்கை எவன் வாசிக்கப்போகிறான்?

தூத்துக்குடியில் சுங்க அதிகாரி வாசித்தார். சான்றிதழையும் வாசித்தார்.

“பெரியவரே, சாக்கு பொய் சொல்லுதா, பேப்பர் பொய் சொல்லுதா?”

கோணூசி

தோட்டத்து ரசீதுகளைக் காட்டினேன். நம்பினார். ஆனால் மறுநாள் சாயங்காலத்துக்குள் எல்லாம் புதுச் சாக்கில் இருக்கவேண்டும். அங்கே ஆள் கிடைக்கவில்லை. கப்பல் ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. ரோஸ்லெட் எடுத்தாள். விடிந்ததும் மூன்று பெண்களோடு புதுச் சாக்கும் சணலும் கோணூசியுமாக பஸ்ஸில் வந்து இறங்கினாள். கொட்டினார்கள், நிறைத்தார்கள், தைத்தார்கள். நாலு மணிக்குக் கடைசிச் சாக்கு. நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன்.

“அண்ணைக்கி என்னிய வாயப் பொத்தச் சொன்னீருல்லா? இண்ணைக்கி நீரு பொத்தும்.”

கப்பல் போயிற்று, தாசையனின் மரம் இந்த வருஷத்துக்குத் தப்பியது. இரண்டு அரசாங்கங்கள் கூடிப் பேசித் திறந்த வழியை ஒரு பழைய சாக்கால் அடைத்தவன் நான், திறந்தவள் ரோஸ்லெட்.