ராயின் ஞானஸ்நானத்துக்கு வந்த சில்வி

எங்கள் வீட்டில் பதினாறு படச்சுருள்கள் இருக்கின்றன. ஒன்றிலும் என் அப்பா வைனோ கங்காஸ் கிடையாது. தேடிப் பார்த்தால் இரண்டு இடத்தில் பனியின் மேல் அவர் நிழல் விழுந்திருக்கும். இரும்புச் சுரங்கத்தில் மின்வேலை பார்த்தவர். அமெரிக்காவில் சுபீரியர் ஏரிக்கரையில் குடியேறிய எங்கள் ஃபின்லாந்து ஜனங்களே பேச்சில் கஞ்சர்கள். அவர்களிலும் அப்பா கல்லுளிமங்கன். 1949-இல் கைக்கடக்கமான ஒரு மூவி கேமரா வாங்கியதும், பேசாமல் இருக்க அவருக்கு ஒரு சாக்கும் கிடைத்துவிட்டது.

"வைனோ, பொண்டாட்டி மூஞ்சிய அந்த ஓட்டை வழியா பார்த்தது போதும். நேர்ல ஒரு தடவ பாருடா," என்று அவருடைய அக்கா ஹில்யா, காப்பி ஊற்றும்போதெல்லாம் சீண்டுவாள். அப்பா சிரிப்பார். கேமராவை இறக்க மாட்டார்.

அந்தக் கேமராவில் சுருளின் ஒரு பாதி முடிந்ததும் திருப்பிப் போட்டு மறுபாதியை எடுக்க வேண்டும். இரண்டும் முடிந்த சுருள் பார்வைக்குப் புதுச் சுருள் போலவே இருக்கும். அதனால் முடிந்த சுருளின் தகர டப்பாவுக்கு அப்பா ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட் மாட்டிவிடுவார். வெளிச்சம் படக்கூடாது என்று சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில்தான் சுருள் மாற்றுவார். ரப்பர் தட்டுப்படாவிட்டால் புதுசு. கை பார்த்துக்கொள்ளும் என்பார்.

1952 ஆகஸ்டில் என் தங்கை சில்வி போலியோவில் போய்விட்டாள். ஆறு வயது. காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள். அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஏரிக்கரையில் எங்கள் சவுனாக் குடிலில் ஆவிக் குளியல் குளித்துவிட்டு அவள் வெளியே வருவதை அப்பா எடுத்திருந்தார். மற்றச் சுருள்களில் எல்லாம் கேமராவைக் கண்டால் ஓடிவிடுவாள். நேராகப் பார்த்து நடந்து வந்தது அந்த ஒன்றில்தான்.

"அத கழுவ அனுப்பேன் வைனோ. எம்பொண்ணு நடக்கிறத ஒரே ஒரு தடவ பார்த்துக்கறேன்," என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அனுப்புகிறேன் என்பார். அனுப்பமாட்டார். அனுப்பினால் வந்துவிடும், வந்தால் பார்க்க வேண்டும். அந்தத் தைரியம் அவரிடம் இல்லை.

1954 மார்ச்சில் தம்பி ராய்க்கு வீட்டிலேயே ஞானஸ்நானம். முதல் நாள் அப்பா தானாகவே அம்மாவிடம் சொன்னார்: "நாளைக்கு எடுக்கறதோட அதையும் சேர்த்து அனுப்பிடறேன், லெம்பி." சில்வியின் டப்பாவை எடுத்துச் சாமான் அறை அலமாரியில் புதுச் சுருளுக்குப் பக்கத்தில் வைத்தார். அன்றைக்கு ஏலக்காய் ரொட்டிக்கு மாவு பிசையும்போது அம்மா பாடினாள். ஒன்றரை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை என் பின்னலைக் கட்ட ரிப்பன் அகப்படவில்லை. எனக்குப் பதினொரு வயது. அம்மா குழந்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சாமான் அறைக்குப் போனேன், டப்பாவிலிருந்து ரப்பரை உருவிப் பின்னலில் சுற்றிக்கொண்டேன். அது யாருடைய டப்பா என்று எனக்குத் தெரியும். கழற்றினால் என்ன ஆகும் என்றுதான் யோசிக்கவில்லை. பாதிரியார் வருவதற்குச் சற்றுமுன் அப்பா அந்த அறைக்குள் போய், இருட்டில் கேமராவில் சுருள் போட்டார்.

சாயங்காலம் விருந்தாளிகள் போனபின் அப்பா தரையில் குனிந்து தேடினார். "பழைய ரப்பர், அறுந்து விழுந்திருக்கும்," என்றார். நான் முன்னால் கிடந்த பின்னலை முதுகுக்குத் தள்ளினேன். இரண்டு சுருளையும் தபாலில் அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், திரைச்சீலைகளை இழுத்துவிட்டுச் சுவரில் போர்வை கட்டினோம். ஹில்யா அத்தையும் வந்திருந்தாள். முதல் சுருள், எதையுமே எடுக்காதது போல, முழுக்கக் கறுப்பு. நான்கு நிமிஷம் அம்மா அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவதில் எங்கள் கூடம் வந்தது. பாதிரியார் ராயின் தலையில் தண்ணீர் ஊற்றினார். அவர் அங்கியின் மேல் சவுனாவின் மரச்சுவர் தெரிந்தது. அதிலிருந்து வெள்ளைக் கவுனும் ஈரத் தலையுமாக சில்வி வந்தாள். பாதிரியாரின் நெஞ்சுக்குள் புகுந்து, காப்பிக் கோப்பைகளைத் தாண்டி, எங்களைப் பார்த்தபடி நடந்தாள்.

"நிறுத்துடா வைனோ," என்றாள் அத்தை.

"நிறுத்தாத," என்றாள் அம்மா. எழுந்து போய் சில்வியின் முகத்தில் கைவைத்தாள். முகம் அவள் புறங்கையில் விழுந்தது.

"எடுத்த சுருள் மேலயே எடுத்துட்டேன். என் கை ஏமாத்திடுச்சு," என்று அப்பா ஒரு தடவைதான் சொன்னார். கேமரா பெட்டிக்குள் போனது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் படமே இல்லை.

அம்மா சனிக்கிழமை தவறாமல் அதைப் போடச் சொல்லுவாள். "தம்பியப் பார்க்க வந்திருக்கா பாரு," என்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். படம் முடியும் இடத்தில், விருந்தாளிகளோடு நிற்கும் எனக்குச் சரியாகப் பின்னால் சில்வி வந்து நிற்பாள். அவள் கை என் பின்னலின் மேல் இருக்கும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு இருபத்தேழு வருஷம் குறுகுறுத்தது. என் தங்கையைக் கண்டு நான் பயந்தேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

1981-இல் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த மத்தியானம், அப்பா தானே போர்வையைக் கட்டி அந்தச் சுருளை ஓட்டினார். ஓடும்போதே சொல்லிவிட்டேன்.

"அந்த ரப்பர எடுத்தது நான்தாம்பா."

"தெரியும்மா."

"எப்பத்திலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து. பின்னல்ல செவப்பா தெரியுதே, பாரு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தெரிஞ்சும் வாயத் தொறக்கலயா? உன் கை தப்பே பண்ணலியே. அப்புறம் எதுக்குக் கேமராவத் தூக்கிப் போட்ட?"

"போடல, இர்யா. அடுத்த ஞாயித்துக்கிழம உன்ன எடுக்கலாம்னு தூக்கினேன். நீ பின்னலக் கையால மூடிக்கிட்டு ஓடிட்ட. மறுவாரமும் ஓடின. அதுக்கப்புறம்தான் பெட்டில வச்சேன்."

நான் பள்ளி முடித்த விழாவுக்கும் என் கல்யாணத்துக்கும் படம் கிடையாது. அப்பாவுக்குக் கேமரா அலுத்துவிட்டது என்றுதான் கேட்டவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.