பாலத்துக்கு அந்தப் பக்கம்

தங்கை எட்டாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், எங்கள் குடும்பம் எந்த ஊருக்குக் குடிபோவது என்பதை நான் ஓர் எக்செல் தாளில் முடிவு செய்தேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கடலூர்ப் பக்கம் ஒரு மருந்து ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. மாத்திரையின் எடை, கடினம், தண்ணீரில் கரைய எடுக்கும் நேரம் என்று நாள் முழுக்கக் கட்டங்களை நிரப்புகிறவளுக்கு வீட்டு விஷயத்தையும் கட்டம் போட்டுப் பார்ப்பது இயல்பாக இருந்தது. அம்மாவும் அப்பாவும் மறுப்புச் சொல்லவில்லை. டிப்ளமோ வரை போனவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். "அவ பாத்து சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

எங்கள் ஊர் புதுச்சேரியில், பாகூர் கொம்யூனில் இருக்கிறது. நெல், கரும்பு, ஏரித் தண்ணீர். ஊர்ப் பள்ளி எட்டாவதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் பாகூருக்குப் போகலாம். நான் அப்படித்தான் சைக்கிளில் போய்ப் படித்தேன். தங்கையை அதைவிட நல்ல இடத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அவளுக்கு மாட்டு டாக்டர் ஆக வேண்டும். அவள் ஆறாவது படிக்கும்போது எங்கள் பசு கன்று ஈன முடியாமல் திணறிய ஒரு மத்தியானம், பாகூரிலிருந்து வந்த கால்நடை மருத்துவர் இவளைக் கூப்பிட்டுக் கன்றின் காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்தாள். முழங்கை வரை வழுவழுப்பு அப்பியிருக்க, கன்று வெளியே விழுந்ததும் அவள் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றைக்குப் பிறகு அவள் வேறு எந்தப் படிப்பின் பெயரையும் சொல்லவில்லை.

என் தாளில் நான்கு பள்ளிகள், பதினான்கு கேள்விகள். அறிவியலுக்கு நிரந்தர ஆசிரியர் உண்டா? பிளஸ் டூ வரை உண்டா? நுழைவுத் தேர்வுப் பயிற்சி நடக்கிறதா? கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? விடுப்பு எடுத்துக்கொண்டு நான்கு பள்ளிகளுக்கும் நேரில் போனேன். ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். குடுவைகளில் விரல் வைத்துத் தூசி பார்த்தேன். பாகூரில் நான் படித்த பள்ளிக்கு வேண்டுமென்றே கறாராக மதிப்பெண் போட்டேன். சொந்தப் பள்ளி என்று சலுகை காட்டிவிடக் கூடாதல்லவா.

ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு முக்கியத்துவம் என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை எடை கொடுத்திருந்தேன். முதல் முறை கூட்டியபோது வில்லியனூரில் ஒரு பள்ளி முதலாவதாக வந்தது. இரண்டாவது, எங்கள் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டரில், பாலத்துக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருந்த ஒரு தனியார் பள்ளி. இரண்டு புள்ளிதான் வித்தியாசம்.

வில்லியனூரில் குடியிருந்தால் நான் வேலைக்கு எப்படிப் போவது? காலை ஷிப்டுக்கு ஏற்கெனவே நாலரைக்கு எழுந்துகொண்டிருந்தேன். அங்கிருந்து என்றால் நகரத்துக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து கடலூருக்கு இன்னொன்று. பாலத்துக்கு அந்தப் பக்கம் என்றால் கடலூர் சாலையிலேயே வீடு, வாசலிலிருந்து நூறு அடியில் கம்பெனி பஸ் நிற்கும் இடம். 'பயண வசதி' என்ற வரிக்கு இரண்டு என்று எடை போட்டிருந்தேன். அதை மூன்று ஆக்கினேன். பாலத்துப் பள்ளி மேலே வந்தது. கோப்பை வேறு பெயரில் சேமித்து மூடிவிட்டு, வில்லியனூர் என்றால் அப்பாவுக்கு நிலம் வெகுதூரம் ஆகிவிடும் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

அதைக் கேட்ட அப்பா, "எனக்கு இன்னா, பஸ் ஏறுனா வந்துட்டுப் போறேன். வில்லியனூருன்னா வில்லியனூரு. புள்ள படிப்புதான முக்கியம்" என்றார்.

"இந்த வயசுல தெனம் அவ்ளோ தூரம் வேணாம்பா" என்றேன். அம்மா என்னைப் பெருமையோடு பார்த்தாள்.

தங்கை மட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரி எழுதி என்னிடம் நீட்டினாள். என்னைப் பார்த்துப் பழகியது. ஒன்று, மாடு என்ன ஆகும். இரண்டு, அந்த மெயின்ரோட்டில் சைக்கிள் ஓட்ட விடுவார்களா. மூன்று, அவளுடைய தோழி பாகூரில் சேர்கிறாளே. நான்கு, அங்கே போனால் நாம் தமிழ்நாட்டு ஆளாக ஆகிவிடுவோமா.

ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி அடித்துக்கொண்டே வந்தேன். மாட்டைச் சித்தப்பா வாங்கிக்கொள்வார், வேண்டும்போது போய்ப் பார்க்கலாம். சைக்கிள் வேண்டாம், பள்ளிக்கு வேன் வரும். தோழியோடு போனில் பேசலாம். நான்காவதைப் படித்ததும் சிரித்துவிட்டேன்.

"ஆமாண்டி, உனக்கு விசா எடுத்துத் தரேன்" என்று சொல்லி அதையும் அடித்தேன்.

எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வி யாருக்கும் வராது. வயலில் நின்று பார்த்தால் எது புதுச்சேரி, எது தமிழ்நாடு என்று தெரியாது. எங்கள் வாய்க்காலே அங்கே கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி இங்கே வரும். அம்மா ரவிக்கை தைக்க அந்தப் பக்கம் போவாள். அந்தப் பக்கத்து ஆட்கள் பெட்ரோலுக்கும் பாட்டிலுக்கும் இந்தப் பக்கம் வருவார்கள். ஒரே நாளில் ஐந்து முறை மாநிலம் தாண்டிவிட்டு அதைத் தாண்டியதாகவே நினைக்காத ஊர். ஒரே ஓர் அடையாளம், அந்தப் பள்ளியின் வேன். பெர்மிட் இல்லை என்பதால் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வராது. குடிபோக வேண்டும் என்று சொல்வதற்கு அதையும் ஒரு காரணமாகக் காட்டினேன்.

சாமான் ஏற்றிய அன்று எதிர்வீட்டு அத்தை வண்டியைப் பிடித்துக்கொண்டு கேலி செய்தாள். "இன்னாடி, ஸ்டேட்டு வுட்டு ஸ்டேட்டு போறீங்க, நாங்கெல்லாம் கண்ணுக்குத் தெரிவோமா இனிமே?"

"நீ வேற. ராவுக்குக் கொழம்பு வச்சா வாசன இங்க வரும்" என்றாள் அம்மா.

போன மூன்றாவது மாதம் அம்மா ரேஷன் கார்டு பேச்சை எடுத்தாள். அப்போது எங்கள் ஊரில் ரேஷன் கடை மூடிக் கிடந்தது. அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் வரும். அம்மாவுக்குக் கணக்கில் வரும் பணத்தைவிடக் கண்ணெதிரே வந்து இறங்கும் அரிசிதான் நம்பிக்கை.

"இங்க மாசா மாசம் அரிசி போடறாங்க. குடியிருக்கறது இங்க, கார்டு மட்டும் எதுக்குடி அங்க? மாத்திக் குடு."

எனக்கு அது அரைமணி நேர வேலை. பழைய கார்டை ஒப்படைத்து, புதியதற்கு விண்ணப்பித்து, நால்வரின் ஆதார் முகவரியையும் மாற்றினேன். ஒப்படைத்ததற்கான ரசீதைப் பிரிண்ட் எடுத்து, தேதி தெரியும்படி பிளாஸ்டிக் உறையில் போட்டு, குடும்பக் கோப்பில் வைத்தேன்.

பள்ளி நல்ல பள்ளிதான். அதை மறைக்க மாட்டேன். ஆய்வகம் திறந்திருந்தது, ஆசிரியர்கள் வந்தார்கள், பயிற்சி வகுப்பு நடந்தது. தங்கை நான்கு வருடமும் அங்கே உழைத்தாள். சித்தப்பா ஒரு வருடத்திலேயே மாட்டை விற்றுவிட்டார். செய்தி தெரிந்த அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் வழக்கம்போல வேன் ஏறினாள்.

நுழைவுத் தேர்வு முடிவு வந்தபோது வீடே நிமிர்ந்து உட்கார்ந்தது. முந்தைய வருடம் புதுச்சேரி மாணவர்களுக்கான இடத்தில் கால்நடை மருத்துவம் சேர்ந்தவர்களில் கடைசி ஆளைவிட இவளுக்கு மதிப்பெண் அதிகம். அகில இந்திய இடங்களுக்கு அது எட்டாது, உள்ளூர் இடத்துக்குத் தாராளம். அப்பா எல்லோருக்கும் போன் போட்டார். சேர்க்கைக்குத் தேவையானவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டு வந்தேன். ஒன்பதாவது வரியில் இருந்தது, குடியிருப்புச் சான்றிதழ்.

கோப்பை எடுத்துக்கொண்டு, அப்பாவோடும் தங்கையோடும் எங்கள் ஊர் கிராம நிர்வாக அதிகாரியிடம் போனேன். எங்களைத் தெரிந்தவர், நடுத்தர வயதுப் பெண். கோப்பைப் புரட்டப் புரட்ட அவர் முகத்தில் மெச்சுதல் தெரிந்தது.

"எவ்ளோ ஒழுங்கா வச்சிருக்கம்மா. இங்க வர்றவங்க பையில கசக்கிக் கொண்டாருவாங்க."

பிறகு அந்தப் பிளாஸ்டிக் உறையிடம் வந்து நின்றார்.

"கார்டு சரண்டர் பண்ணிட்டீங்களா?"

"ஆமா மேடம். ஆனா எங்க நெலம் இங்கதான். அப்பா தெனமும் இங்கதான் வர்றாரு."

"நெலம் இருக்குதும்மா. நீங்க எங்க படுத்து எழுந்தீங்க, அதான் கேள்வி. கடைசி அஞ்சு வருஷம் தொடர்ச்சியா இங்க இருந்திருக்கணும். நாலு வருஷமா நீங்க அங்க இருக்கீங்கன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க."

அப்பா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "பொறந்ததுலேருந்து இந்த மண்ணுதாம்மா. இந்தப் புள்ள பொறந்ததும் இங்கதான். பாலத்துக்கு அந்தப் பக்கம் வாடகைக்குப் போனோம், அவ்ளோதான. சத்தம் போட்டுக் கூப்ட்டா கேக்கும்."

"ஐயா, உங்கள எனக்குத் தெரியாதா? நான் பொய்யா கையெழுத்துப் போட்டா இங்கயே இருந்து படிச்ச இன்னொரு புள்ளயோட எடம் போவும். அது நல்லா இருக்குமா?"

அவர் சொன்னதில் குறை காண முடியவில்லை. அவருக்கு மேலே இருந்த அலுவலகத்துக்கும் போனோம், இரண்டு முறை. அங்கேயும் அதே பதில், மரியாதையாகவே.

சரி, தமிழ்நாட்டுப் பக்கத்து இடமாவது கிடைக்குமா என்று பார்த்தேன். அங்கே ஆறாம் வகுப்பிலிருந்து அந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும். இவள் படித்தது ஒன்பதிலிருந்து. இங்கே நான்கு வருடம் குறைந்தது, அங்கே மூன்று. சைக்கிளில் பாகூருக்குப் போன அவளுடைய பழைய தோழி இதற்குள் புதுச்சேரி இடத்தில் நர்சிங் சேர்ந்திருந்தாள். நான் கறாராக மதிப்பெண் போட்ட அதே பள்ளியிலிருந்து.

அன்றிரவு தூங்கவில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன். தூங்கினேன், காலை ஷிப்டு இருந்தது. சாயங்காலம் வந்ததும் தங்கை மாடிப் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான்கு வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. வில்லியனூர் என்றால் புதுச்சேரிக்குள்ளேயே இருந்திருப்போம். கார்டு மாறியிருக்காது. இவள் இந்நேரம் கல்லூரிக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள்.

"உனக்கு ஒண்ணு காட்டணும்" என்று அந்த எக்செல் கோப்பைத் தேட ஆரம்பித்தேன்.

"தெரியும்க்கா."

"இன்னாடி தெரியும்?"

"வில்லியனூருதான் ஃபர்ஸ்ட்டு வந்துச்சு. அப்பறம் நீ ரெண்ட மூணு ஆக்கிட்ட."

என் விரல் விசைமேல் நின்றது.

"ஒம்பதாவதுல ப்ராஜெக்ட் பண்ண இத எடுத்தேன்ல, அப்பவே பாத்தேன். 'கடைசி', 'கடைசி ரெண்டு'ன்னு வேற வேற பேர்ல வச்சிருந்த. ரெண்டையும் தொறந்து பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். ஒரே ஒரு நம்பர்தான் மாறியிருந்துச்சு."

"ஏண்டி என்னக் கேக்கல?"

"இன்னா கேக்கறது? நீ நாலரைக்கு எழுந்து தல கூட வாராம ஓடுவ. அங்க போயிருந்தா மூணு மணிக்கு எழுந்திருக்கணும். எனக்குப் பாவமா இருந்துச்சு, சும்மா வுட்டுட்டேன்."

அழுதால் அவள்தான் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று தெரிந்தது; அதையும் அவள் தலையில் வைக்கக் கூடாது. மன்னிப்புக் கேட்டேன். அவள் கால் கட்டைவிரலால் படியில் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தாள். "விசா எடுத்துத் தரேன்னியே, எடுத்தே தரல பாத்தியா" என்றாள். குரலில் கேலி இருந்தது, முகத்தில் இல்லை.

ஊருக்கே திரும்பிவிடலாம், ஐந்து வருடம் போனது தெரியாமல் போய்விடும் என்று அப்பா ஒரு நாள் சொன்னார். பிறகு அவரே பேச்சை மாற்றினார். தங்கை கடலூரில் விலங்கியல் சேர்ந்தாள். அந்த விண்ணப்பத்தை என்னிடம் காட்டாமல் அவளே நிரப்பினாள். நானும் கேட்கவில்லை.

இப்போது எனக்குப் பகல் ஷிப்டு. காலையில் இருவரும் ஒன்றாகக் கிளம்பி, வாசலிலிருந்து நூறு அடியில் நிற்கிறோம். நான் எனக்காகத் தேர்ந்தெடுத்த நிறுத்தம். அவள் கல்லூரிப் பேருந்தும் அங்கேயே நிற்கிறது. போன வாரம் யாரோ நான்கைந்து மாடுகளைச் சாலை தாண்ட ஓட்டிக்கொண்டு போனார்கள். லாரிகள் நின்று ஹாரன் அடித்தன.

"அந்தச் செவலயப் பாருக்கா. பின்னங்கால ஊணாம நடக்குது. குளம்புல புண்ணு."

எனக்கு எல்லாக் கால்களும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. "சொல்லேன் அவருகிட்ட" என்றேன்.

"நான் சொன்னா இன்னா ஆவும், டாக்டரா நானு" என்றாள்.

பேருந்து வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் அவள் என் பக்கம் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, பாலத்துப் பக்கம் நொண்டிக்கொண்டு போகும் அந்த மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.