நடுமேடு மறைந்த வெள்ளிக்கிழமை

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மலேசியாவில் மேரு என்ற ஊரில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அம்மாவிடம் என் ஆராய்ச்சியை இப்படித்தான் சொல்வேன்.

"குவாண்டம் புள்ளின்னு ஒண்ணு இருக்கும்மா, கண்ணுக்கே தெரியாது. லேசரால தட்டினா ஒரே ஒரு ஒளித்துகள் விடும். தட்டத் தட்ட ஒண்ணொண்ணா வரணும், எல்லாம் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கணும்."

"ரெட்டைப் பிள்ளைங்களையே பிரிச்சுச் சொல்லிடுவேன். கொண்டா பார்க்கலாம்" என்பார் அம்மா.

பார்க்க வழி உண்டு. அடுத்தடுத்து வரும் இரண்டு துகள்களை, பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் ஒரு கண்ணாடியில் ஒரே கணத்தில் சந்திக்க வைக்க வேண்டும். வித்தியாசமே இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் போகும். ஆளுக்கொரு பக்கம் பிரிந்தால், திரையில் வரைபடத்தின் நடுவே ஒரு மேடு எழும். அந்த மேடு மறைய வேண்டும்.

பெட்டாலிங் ஜெயாவில் எங்கள் ஆய்வகத்தில் மேடு பாதிக்கு இறங்கியிருந்தது. பிறகு ஒரு வாரமாக மறுபடி ஏறி நின்றது. வெள்ளிக்கிழமைக்குள் மறையாவிட்டால் கருவிகள் நிற்கும் மேசை வேறு குழுவுக்குப் போய்விடும் என்று பேராசிரியை சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை, கைதவறி விழுந்த திருகாணியை எடுக்கக் குனிந்தேன். எங்கள் மேசைப் பலகை, கால்களில் அடைத்த காற்றின் மேல் மிதப்பது. தெருவில் போகும் லோரியின் அதிர்வு கருவிகளுக்கு ஏறக் கூடாது. அந்த மேசைப் பலகைக்கும் கால்களுக்கும் நடுவே, குங்குமம் தடவிய பாதி எலுமிச்சம்பழங்கள் காய்ந்து இறுகிக் கிடந்தன.

கருவிகளைப் பராமரிக்கும் கிள்ளான் ஊர்க்கார அங்கிளைக் கூப்பிட்டேன்.

"அங்கிள், இது என்ன?"

"போன வாரம் ஆயுத பூஜைக்கு வெச்சேன் லா. லோரின்னா டயருக்கு அடியில வைப்போம். இதுக்கு டயர் இல்லையே!"

"இது மிதக்கணும் அங்கிள். நீங்க பிரேக் போட்டு வெச்சிருக்கீங்க."

"ஐயையோ! எடும்மா, எடு. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

எடுத்தோம். மேசை மெல்ல எழும்பியது. ஒளியின் பாதையை ஆரம்பத்திலிருந்து நேர்ப்படுத்தினேன்.

வெள்ளி மதியம் திரையில் இரு பக்கமும் மேடுகள் உயர்ந்தன. நடுவில் மட்டும் ஏறக்குறைய வெறும் தரை. பேராசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "மேசை இனி உன்னுடையதுதான்" என்றார். அங்கிள் விசிலடித்தார்.

அம்மாவுக்குத் தேநீர் இடைவேளை. போன் செய்தேன்.

"ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லம்மா. யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது."

"யார் செஞ்சது?"

"நான்தான்."

"அத முதல்ல சொல்லு!"

பிறகு அந்தப் பக்கம் இயந்திரச் சத்தத்தையும் மீறி அம்மாவின் குரல் கேட்டது: "ஏய், எல்லாரும் கேளுங்கடி! எம்பொண்ணு வெளிச்சத்துக்கே ரெட்டைப் பிரசவம் பார்த்துட்டா!"