சகலை வைத்த துண்டு

அசாருதீனுக்குக் குடி இல்லை, சிகரெட் இல்லை, சீட்டு இல்லை. பொறாமை மட்டும் உண்டு. அதையும் அவன் ஊர் முழுக்க இறைத்துக்கொண்டு திரியவில்லை. ஒரே ஓர் ஆளுக்கென்று பத்திரமாக வைத்திருந்தான். அந்த ஆள் உபைதுல்லா, அவனுடைய சகலை. மனைவி சமீராவின் அக்கா அம்ரீனைக் கட்டியவன்.

அசாருதீன் மங்கலம்பேட்டைக்காரன். சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலாவில் கடலைப் பார்த்ததோடு சரி. வீட்டில் நல்ல நாள் என்றால் ஆட்டுக்கறி. மீன் என்பது எப்போதாவது ஏரி வற்றும்போது வருவது. பெண் எடுத்ததோ கடற்கரை ஊரான பரங்கிப்பேட்டையில். அந்தக் குடும்பத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். வந்தான். கீழ்த்தளம் சமீராவுக்கு, மாடி அம்ரீனுக்கு. மாடியைக் கட்டியவன், சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் உபைதுல்லா. அவன் லீவில் வந்திருக்கும் மாதங்களில் அசாருதீன் தலைக்கு மேலேயே சகலை நடந்துகொண்டிருப்பான்.

விஷயம் ஆரம்பித்தது கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில். சஹன் போட்டார்கள். பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி, சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுவது. நல்ல துண்டைப் பக்கத்தில் இருப்பவன் பக்கம் தள்ளிவிடுவது அதில் மரியாதை. தள்ளிய துண்டைத் தொடாமல் விட்டால் தள்ளியவனுக்கு அவமானம். உபைதுல்லா கொடுவா மீனின் நடுத்துண்டை எடுத்து, முள்ளை உருவி, சதையை உதிர்த்து அசாருதீன் பக்கம் தள்ளினான்.

"மங்கலம்பேட்டை மாப்ளைக்கு முள்ளு பழக்கமில்ல மாமி. நாமதான் பாத்துக்கணும்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் பெண்களும் சிரித்தார்கள். அதில் ஒரு சிரிப்பு சமீராவுடையது. முந்தின நாள்தான் பழகிய சிரிப்பு என்றாலும் அசாருதீனுக்கு அடையாளம் தெரிந்தது. அந்தத் துண்டை அவன் தின்றுவிட்டான். அதில் இல்லாத முள் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருநாளுக்கும், ஒவ்வொரு விருந்துக்கும், சஹனில் நல்ல துண்டு சகலையின் கையிலிருந்துதான் வரும். மாமியார் சலீமா பீவி அதைப் பார்த்துப் பூரிப்பார். சமீரா, "எங்க மச்சான் மாதிரி யாரு குடுப்பா" என்பாள். ஒரே ஒரு தடவை, சமீரா பார்த்துக்கொண்டிருக்கும்போது, உபைதுல்லாவுக்கு வராத ஒன்று தனக்கு வர வேண்டும். அசாருதீன் தொழுகையில் கேட்டதெல்லாம் கிட்டத்தட்ட இதுதான்.

போன லீவில் வந்த உபைதுல்லா ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு விஷயத்தைப் போட்டான். சென்னையில் கிளம்பி, கடலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பும் சொகுசுக் கப்பல். வீட்டில் எல்லோருக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று.

"காலமெல்லாம் கப்பல் போறதப் பாத்துக்கிட்டே இருந்துட்டீங்க மாமி. ஒரு தடவ ஏறிப் பாருங்க."

"சோத்துக்கு என்ன பண்றது?" என்றார் சலீமா பீவி.

"அதுல என்ன இல்ல? சுஷிகூட இருக்கு. சிங்கப்பூர்ல நாங்க டீ குடிக்கிற மாதிரி சுஷி சாப்டுவோம்."

"அப்படின்னா?"

"சோத்த உருட்டி, மேல மீன் துண்டு வச்சுக் குடுப்பாங்கம்மா. பச்ச மீனு" என்றாள் அம்ரீன்.

"பச்சையாவா? நாம என்ன பூனையா?"

"குச்சியால எடுத்துச் சாப்டணும் மாமி. அதுக்கெல்லாம் ஒரு பழக்கம் வேணும்" என்ற உபைதுல்லா, அசாருதீன் பக்கம் திரும்பி அன்பாகச் சொன்னான்: "நீங்க கவலப்படாதீங்க சகலை. நான் பாத்துக்கறேன்."

அந்த அன்புதான் தாங்கவில்லை.

சிதம்பரம் கீழவீதியில் அசாருதீனுக்கு ஒரு செல்போன் ரிப்பேர் கடை இருக்கிறது. கடை என்றால் ஒரு மேஜையும் அதன் மேல் ஒரு விளக்கும் பூதக்கண்ணாடியும்தான். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவன் கையில் ட்வீசர் இருக்கும். எறும்புத் தலையளவு ஸ்க்ரூவை எடுப்பான், வைப்பான், கீழே விழுந்ததை மூச்சை அடக்கி மறுபடி எடுப்பான். சுஷி சாப்பிடுவது எப்படி என்று யூடியூபில் பார்த்த அன்று அவனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. குச்சி என்பது இவ்வளவுதானா? இது ட்வீசரின் அண்ணன்.

அன்றிலிருந்து போர்டு துடைக்கும் பிரஷ் இரண்டைத் தலைகீழாகப் பிடித்துப் பழக ஆரம்பித்தான். முதலில் ஸ்க்ரூ. அப்புறம் பொரி. அப்புறம் மத்தியானச் சாப்பாட்டில் ஒதுக்கி வைத்த சோறு, ஒவ்வொரு பருக்கையாக. பக்கத்து ஜெராக்ஸ் கடை இளவரசு இதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பாய், சோத்துக்கு சர்வீஸா?"

"சும்மாதான்."

"வாரன்டி உண்டா?"

அசாருதீன் சிரிப்பை அடக்கி அடுத்த பருக்கையை எடுத்தான். சிரித்தால் கை ஆடும்.

கப்பல் ஏறிய மறுநாள் மத்தியானம் சுஷி கவுன்டருக்குப் போனார்கள். சுவரில் இருந்த டிவியில் ஒரு மேப் ஓடிக்கொண்டிருந்தது. கடலூருக்கு நேராக, ஆனால் கரை தெரியாத தூரத்தில், கப்பல் ஒரு புள்ளியாக நகர்ந்தது. சலீமா பீவி கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்து, "நம்ம வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டு, அம்ரீன் காட்டிய திசையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். அங்கே தண்ணீர்தான் இருந்தது.

கவுன்டருக்கு உள்ளே டார்ஜிலிங் பக்கத்து ஆள் ஒருவர் தலையில் துணி கட்டிக்கொண்டு மீன் அறுத்துக்கொண்டிருந்தார். சோற்றில் சாராயம், மது எதுவும் கலக்கிறதா என்று உபைதுல்லா நல்ல ஆங்கிலத்தில் விசாரித்தான். இல்லை, வினிகரும் சர்க்கரையும் உப்பும்தான் என்றார் அவர். "எவ்வளவு வெவரமா கேக்குறாரு மச்சான்" என்றாள் சமீரா. அசாருதீன் நாப்கினை நான்காக மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

ஒரு விஷயம் அவனுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே சஹன் இல்லை. ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு ஜோடி குச்சி. எவனும் எவன் பக்கமும் எதையும் தள்ள முடியாது.

தட்டு வந்தது. விரலளவு சோறு, அதன் மேல் நாக்கை நீட்டிப் படுத்திருப்பது போல ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன் துண்டு. பக்கத்தில் சிவப்பாகச் சூரை மீன். அம்ரீன் குச்சியில் எடுத்ததும் துண்டு நழுவிக் கருப்பு சாஸில் விழுந்து தெறித்தது. சமீரா குச்சியை ஊசி மாதிரி குத்திப் பார்த்தாள். சலீமா பீவி தனக்குக் கொண்டுவரச் சொன்ன தயிர்ச்சாதத்தை ஸ்பூனால் எடுத்துக்கொண்டார்.

அசாருதீன் குச்சியை எடுத்தான். அவசரமே இல்லை. துண்டைப் பக்கவாட்டில் பிடித்தான், சாஸில் ஓரம் மட்டும் படும்படி தொட்டான், வாயில் வைத்தான். குளிர்ந்து, மெத்தென்று, லேசான புளிப்போடு இறங்கியது. ஒரு முள் இல்லை. இப்படி ஒரு மீன் உலகத்தில் இருக்கிறது என்று இத்தனை வருஷமாக யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்றிருந்தது.

பிறகு கவுன்டரில் சிந்தியிருந்த ஒற்றைப் பருக்கையைக் குச்சி நுனியில் எடுத்து, கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடித்தான். அது ஆடவில்லை.

"ஏயப்பா" என்றாள் அம்ரீன். "அவரு சப்பான்ல பொறந்திருக்க வேண்டிய ஆளுடி."

சமீரா போனை உயர்த்தியிருந்தாள். அவள் கண் தன் மேல் இருப்பதை அசாருதீன் திரும்பாமலே பார்த்தான். வாழ்க்கையில் அவன் கேட்டது இவ்வளவுதான். அது ஒரு நிமிஷம் இருந்திருக்கும்.

"மாஷா அல்லாஹ், சகலைக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. இந்தாங்க, இதையும் சாப்டுங்க" என்று உபைதுல்லா தன் தட்டிலிருந்த சூரைத் துண்டைக் கையால் எடுத்து அவன் தட்டில் வைத்தான். அப்புறம் இன்னொன்று.

சலீமா பீவிக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாத்தியாடி சமீரா. கப்பல்லகூட தன் வாய்க்குப் போறத எடுத்துக் குடுக்குது புள்ள."

சமீராவின் போன் கீழே இறங்கியது. "மச்சான் எப்பவுமே அப்படித்தாம்மா" என்றாள்.

அசாருதீன் வாயிலிருந்த மீன் வெறும் ஈரமாகிவிட்டது. சகலையின் தட்டைப் பார்த்தான். அப்போதுதான் ஒன்று உறைத்தது. வந்ததில் இரண்டு தன்னிடம் வந்தாயிற்று. மீதி வந்தபடியே இருக்கிறது. உபைதுல்லா ஒன்றுகூடத் தொடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருக்கிறான். மீன் பக்கம் பார்வை போகும்போதெல்லாம் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்குகிறது.

டீ குடிக்கிற மாதிரியா?

ரிப்பேர்க்காரனுக்கு எந்த இடத்தில் பழுது என்று தெரிந்துவிட்டால் வரும் சந்தோஷம் அவனுக்கு வந்தது. தன் தட்டிலேயே தடிமனான துண்டாகத் தேடினான். குச்சியால் தூக்கினான். எல்லோரும் பார்க்கும்படி மெதுவாகக் கொண்டுபோய் சகலையின் தட்டில் வைத்தான்.

"எப்பவும் நீங்கதான் வைக்கிறீங்க பாய். இன்னிக்கு நான் வைக்கிறேன். சாப்டுங்க."

உபைதுல்லா துண்டைப் பார்த்தான். பிறகு அசாருதீனைப் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. ஆனாலும் சகலை வைத்த துண்டு. பிஸ்மி சொல்லி, மூன்று விரலால் எடுத்து, முழுசாக வாயில் போட்டு, மாத்திரை மாதிரி விழுங்கினான். கண்ணில் தண்ணீர் கட்டியது.

இனி சிரிப்பார்கள் என்று அசாருதீன் காத்திருந்தான். உள்ளே இருந்த டார்ஜிலிங்காரர் கத்தியை வைத்துவிட்டு உபைதுல்லாவைப் பார்த்துத் தலையாட்டினார். சார் விஷயம் தெரிந்தவர், இதைக் கையால் எடுத்து ஒரே வாயாகச் சாப்பிடுவதுதான் பழைய முறை என்று ஆங்கிலத்தில் சொன்னார். அம்ரீன் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள்.

"அப்ப குச்சி எதுக்கு?" என்றார் சலீமா பீவி.

"பழக்கமில்லாதவங்களுக்கு மாமி" என்றான் உபைதுல்லா, நிறைந்த கண்ணோடு.

சமீரா சிரித்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் கேட்ட அதே சிரிப்பு. இந்தத் தடவை நடுவில் கதவுகூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் உபைதுல்லா எழுந்து போனான். அசாருதீனும் பின்னாலேயே போனான். கழிவறைக்குள்ளிருந்து வந்த சத்தத்தை வெளியே நின்று கடைசி வரை கேட்டான். பிறகு உள்ளே போனான். உபைதுல்லா முகம் கழுவிக்கொண்டு கண்ணாடியில் அவனைப் பார்த்தான்.

"சிங்கப்பூர்ல டீ மாதிரின்னீங்க."

"கண்ணாடி வழியா பாத்துட்டே போவேன் சகலை. உள்ள போனதில்ல. பச்ச மீன் வாடை சின்னதுலேருந்தே எனக்கு ஆகாது. கொழம்பு கொதிச்ச பின்னாடிதான் அடுப்படிப் பக்கமே போவேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "மாமிகிட்ட சொல்லிடாதீங்க" என்றான்.

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்" என்றான் அசாருதீன்.

ஊர் திரும்பிய பிறகு அந்த ரகசியத்தை அவன் கன்னத்தில் அடக்கிய கற்கண்டு மாதிரி வைத்திருந்தான். கடலூருக்கு ஸ்பேர் வாங்கப் போகும் பஸ்ஸில் அதை நினைத்துச் சிரித்துக்கொள்வான். மாடியில் காலடி கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் சப்பிக்கொள்வான். ஒரு நாள் சாயங்காலம் சமீரா மேல்பட்டாம்பாக்கத்துச் சொந்தம் ஒருத்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அந்தக் கப்பல்காரனே எங்க மச்சானப் பாத்து அசந்துட்டான்" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. போனை வைக்கும் வரைதான் அவனால் பொறுக்க முடிந்தது.

"உன் மச்சான் அன்னிக்கு அத அப்படியே வாந்தி எடுத்துட்டாரு. தெரியுமா?"

சமீரா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தெரியுமே" என்றாள்.

"தெரியுமா?"

"அம்ரீன் ராத்தா அன்னிக்கே சொன்னுச்சு. வாயில வச்சதுமே குமட்டியிருக்கு. துப்பியிருக்கலாம். நீங்க எடுத்து வச்சதாச்சே, துப்புனா உங்க மூஞ்சி சுண்டிப்போயிடும்னு முழுங்கியிருக்காரு. யாருங்க செய்வா அப்படி?" சட்டையின் கையை உள்ளே மடக்கினாள். "நீங்க தெரிஞ்சேதானே வச்சீங்க?"

அசாருதீன் மின்விசிறியைப் பார்த்தான். கற்கண்டு கரைந்து, கன்னம் மட்டும் வலித்தது. கடைசியில், கேட்கக் கூடாது என்று நினைத்ததையே கேட்டான்.

"நான் ஒத்தப் பருக்கைய எடுத்தேனே. அதப் பாத்தியா?"

"பாக்காமயா? வீடியோ எடுத்து வச்சிருக்கேன்" என்று போனை அவனிடம் நீட்டிவிட்டு, மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தப் போனுக்குக் கேமரா மாற்றியவன் அவன்தான். நல்ல கேமரா, தேடிப் பிடித்து வாங்கிப் போட்டது. வீடியோவை ஓடவிட்டான். குச்சி எழுந்தது, பருக்கை எழுந்தது. ஆனால் கேமராவின் ஃபோகஸ் அவனை விட்டுவிட்டுப் பின்னால் போய்விட்டிருந்தது. அவன் கையும் குச்சியும் பருக்கையும் மங்கலாக, வெளிச்சத்தில் கரைந்து நின்றன. பின்னால் உபைதுல்லா, தாடியில் ஒவ்வொரு மயிரும் எண்ணும்படி அத்தனை தெளிவாக, வாயெல்லாம் பல்லாக, சகலைக்காகக் கை தட்டிக்கொண்டிருந்தான்.

நடிப்பு எதுவும் தெரிகிறதா என்று அசாருதீன் இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்தான். தெரியவில்லை.

பிறகு எடிட்டுக்குப் போனான். படத்தின் ஓரத்தைப் பிடித்து உள்ளே இழுத்தான். உபைதுல்லாவின் தோள் போயிற்று, தாடி போயிற்று. சிரிப்பு மட்டும் குச்சிக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு போக மறுத்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் அதுவும் போய்விடும். கூடவே தன் கையும் போகும்; பிடிக்க ஆளில்லாத குச்சியும் ஒரு வெள்ளைப் புள்ளியும்தான் மிஞ்சும்.

அசாருதீன் இன்னும் கொஞ்சம் இழுத்தான். சேவ் என்பதை அமுக்கினான்.