சந்தனம் பூசிய மடக்குக் கத்தி

1975 புரட்டாசி, ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் என் நாட்குறிப்பில் எழுதியது இவ்வளவுதான்: "கயிற்றை அறுத்தது அரிவாள். மடக்குக் கத்தி அல்ல. அறுத்தவள் அக்கா. மச்சான் இதை வேறு விதமாகச் சொல்வார்."

சொன்னார். சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவர் ஊரான எருத்தேன்பதியில் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், ரசம் வருவதற்குள் அவருடைய கத்தி ஒரு சினைமாட்டைக் காப்பாற்றிய கதை வந்துவிடும். "ஒரு நாலஞ்சு வருசம் முன்னாடிங்க" என்று ஆரம்பிப்பார். அதை ஒரு தேதியாக நான் ஏற்பதில்லை. தேதி தெரியாதவன் சொல்லும் கதையில் மற்றவை மட்டும் சரியாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் இல்லை.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். வாய்க்கால் பாசனத்தில் நெல், மேட்டில் கடலை, வரப்போரம் தென்னை என்று குறையில்லாத பூமி. சட்டைப்பையில் ஏதாவது ஒன்று மின்னவில்லை என்றால் அவருக்கு வெளியே கிளம்ப மனம் வராது. முதலில் ஒரு பேனா மின்னியது. அதில் அவர் எழுதி நான் பார்த்ததில்லை. பிறகு ஒரு கைக்கடிகாரம். அது நின்ற பிறகும் கட்டிக்கொண்டிருந்தார், யாராவது மணி கேட்டால் வெயிலைப் பார்த்துச் சொன்னார். அந்த ஆண்டு ஆடி மாதம் அவருக்கு மடக்குக் கத்தி மீது ஆசை வந்தது. கத்தி வாங்க ஒரு ஆள் துணைக்கு வேண்டும் என்று எலப்புள்ளியில் இருந்த என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் நிறையப் படிப்பவன் என்பதால் கத்தியைப் பற்றியும் படித்திருப்பேன் என்று நினைத்திருக்கலாம். உண்மையில் படித்துத்தான் இருந்தேன்.

பொள்ளாச்சிச் சந்தையில், கயிறும் சலங்கையும் விற்கும் வரிசைக்குப் பின்னால் ஒரு கடை. தகரத் தட்டில் கத்திகளைப் பரப்பியிருந்தார்கள். நான் ஒன்றை எடுத்தேன். எருமைக்கொம்புப் பிடி, ஒற்றை அலகு. திறந்தேன். பாதியில் சற்று முரண்டு பிடித்து, பிறகு 'டக்' என்று போய் நின்றது. அலகைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன், பிடியின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் அலகு நேராகப் படுத்திருந்தது. மூட்டில் இருந்தது அடித்துத் தட்டையாக்கிய ஆணி, வெறுமனே செருகியது அல்ல. அலகில் நகம் கொடுத்துத் திறக்க ஆழமான குழி. உருக்கு என்பதால் துடைக்காமல் போட்டால் துருப்பிடிக்கும், எலுமிச்சை அறுத்தால் கறுக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை. துருவுக்குப் பயந்து எவர்சில்வர் வாங்குகிறவர்கள் சாப்பாட்டுத் தட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

"இதை எடுத்துக்குங்க மச்சான்" என்றேன்.

அவர் அதைத் தொடவில்லை. "ஏனுங்க மாப்ள, இது வெத்தலக் காம்பு கிள்ற கத்தியல்லங்க?" என்றார். தட்டின் மூலையில் இருந்து இன்னொன்றை எடுத்தார். சிவப்புப் பிடி, பளபளவென்று. ஒவ்வொன்றாக விரித்தார். பெரிய அலகு, சின்ன அலகு, அரம், கத்தரி, காது குடையும் கரண்டி, பல் குத்தும் ஊசி, டப்பா திறக்கும் கொக்கி, சுருள் கம்பி.

"இந்தச் சுருளு எதுக்குங்க?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

"சீமைச் சரக்குப் பாட்டில்ல தக்கை அடைச்சிருப்பாங்கல்லீங்க, அதப் புடுங்கறதுக்குங்க."

எருத்தேன்பதி இருக்கும் சித்தூர்த் தாலூக்கா முழுக்கக் கள்ளு மரங்கள். பானையில் இறங்கி, பானையிலேயே விற்று, குடித்தவர்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் தீர்ந்தும் போகிற ஊரில், தக்கை அடைத்த பாட்டிலுக்கு ஒரு கருவி. அதைச் சொன்னேன்.

"நாளைக்கே ஒரு பெரிய மனுசன் ஊட்டுக்கு வந்தா வேணுமல்லங்க மாப்ள" என்றார். பிறகு அக்காவிடமும் இதையே சொன்னார். இதுவரை அப்படி யாரும் வந்ததில்லை. மூட்டுகள் எல்லாம் ஒரே ஆணியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன, நகக்குழிகளோ பெயருக்குக் கீறியவை. அதையும் சொன்னேன். அவர் அதற்குள் கத்தரியால் தன் மீசையின் ஒரு ஓரத்தை வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டியது. வாங்கிவிட்டார்.

இனி மாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு எங்கள் வீட்டிலிருந்து கொடுத்த பசுவின் வழியில் வந்தது அது. அதன் பால் காசு அக்காவின் காசு. அந்த வீட்டில் அவள் யாரையும் கேட்காமல் செலவு செய்யக்கூடியது அது ஒன்றுதான். போன ஈற்றில் கன்று செத்தே பிறந்தது. இந்தத் தடவையும் தவறினால் அடிமாட்டு வியாபாரியிடம் பிடித்துக் கொடுத்துவிடுவதாக மச்சான் சொல்லியிருந்தார். அவர் சொன்னதைச் செய்கிற விஷயங்கள் சில உண்டு, இது அந்த வகை. அக்கா தன் சோற்றைக் காட்டிலும் அதன் தவிட்டைக் கவனித்தாள். புரட்டாசியில் அதற்கு ஏழு மாதச் சினை.

ஆயுத பூஜைக்கு நான் போயிருந்தேன். எங்கள் பக்கத்தில் அன்று இரும்புக்கெல்லாம் ஓய்வு. மண்வெட்டி, கொடுவாள், கதிரரிவாள், அருவாமனை வரை கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து வாழையிலையில் வரிசையாக வைப்பார்கள். மறுநாள் மறுபூஜை செய்துதான் எடுக்க வேண்டும். இடையில் தொடக்கூடாது. தேங்காய் உடைத்த பிறகு வெள்ளரிக்காய் நறுக்கக்கூட அந்த வீட்டில் கத்தி கிடையாது, பல்லால் கடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மச்சான் அன்று தன் கத்தியை இலையின் நடுவில் வைத்தார். எல்லா உறுப்புகளையும் மயில் தோகை போல விரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு. அத்தோடு விட்டிருக்கலாம். சந்தனத்தைக் குழைத்து மூட்டுகளிலும் விரலால் அப்பினார். கல்லில் இழைத்த சந்தனம், குழைவாக, தாராளமாக. காது குடையும் கரண்டிக்குக்கூடத் தனியாகக் கற்பூரம் காட்டிய ஒரே மனிதர் இந்த மாவட்டத்தில் அவராகத்தான் இருப்பார்.

கற்பூரம் அணைந்ததும் அதை மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு மறுபூசைக்கு அப்பறந்தானுங்க எடுக்கோணும்?" என்றாள் அக்கா.

"அது மத்த சாமானுக்கு. இது ஒடம்பு மேல இருக்கறது. மேல இருக்கற நகையக் கழட்டியா வெக்கறம்?"

சாயங்காலம், வெயில் தணிகிற நேரத்தில், வாய்க்கால் மேட்டில் கட்டியிருந்த பசு கரைச் சேற்றில் வழுக்கிவிட்டது. பூஜை நாள் என்று கழுத்துக்குப் புதுக்கயிறு போட்டிருந்தார் மச்சான். கயிறு தென்னந்தூரில் மாட்டி விண்ணென்று நின்றது. பசு பின்னங்கால்கள் தண்ணீரிலும் கழுத்து கயிற்றிலுமாகத் தொங்கியது. நாக்கு வெளியே வந்துவிட்டது. புதுக்கயிற்று முடிச்சு, மாட்டின் பாரத்தில் இறுகி, விரல் நுழையவில்லை. பண்ணையாட்கள் யாரும் அன்று இல்லை. நானும் மச்சானும் கொம்பையும் தோளையும் பிடித்துத் தூக்கினோம். ஏழு மாதச் சினைமாடு இரண்டு பேருக்கு அசையாது.

"கவுத்த அறுங்க" என்றேன்.

அவர் கத்தியை எடுத்தார். பெரிய அலகில் நகத்தை வைத்து இழுத்தார். வரவில்லை. காய்ந்த சந்தனம் மூட்டில் கல்லாகியிருந்தது. சின்ன அலகு, வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். கடைசியில் ஒன்று வெளியே வந்தது. சுருள் கம்பி.

நான் வீட்டைப் பார்த்து ஓடத் திரும்பினேன். "மாப்ள, பூசைல இருக்கறதத் தொடாதீங்க, குத்தமாயிரும்" என்று கத்தினார், சுருள் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு.

ஆனால் அக்கா எதிரே வந்துகொண்டிருந்தாள். கையில் கதிரரிவாள், அதில் குங்குமம் அப்படியே இருந்தது. ஓடி வந்தவள் என்று சொல்ல முடியாது, வேகமாக நடந்து வந்தாள். இரண்டு இழுப்பில் கயிறு அறுந்தது. பசு முழுசாகத் தண்ணீரில் விழுந்து, இருமி, முழங்கால் போட்டு எழுந்தது.

"ஏ புள்ள, மறுபூசை ஆகலியே" என்றார் மச்சான்.

"ஆயிப்போச்சுங்க" என்றாள். அரிவாளை வாய்க்காலில் கழுவி முந்தானையில் துடைத்தாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள். "அத மடக்கி வெச்சுக்குங்க. பெரிய மனுசன் யாராச்சும் வரப்போறாங்க."

இவ்வளவுதான் நடந்தது. அடுத்த வாரமே பந்தியில், பெரிய அலகு ஒரே வீச்சில் கயிற்றை அறுத்தது. அதற்கடுத்த மாதம் கயிறு இரும்புச் சங்கிலியாகிவிட்டது. நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னார், "மாப்ளயக் கேளுங்க" என்று என்னைச் சாட்சிக்கும் அழைத்தார். கேட்டவர்களுக்கு இங்கே எழுதியிருப்பதைச் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார், அடுத்த பந்தியில் மறுபடியும் சங்கிலியை அறுத்தார். பொய்யைத் திருத்தலாம். தன் சட்டைப்பையை நம்புகிறவரை என்ன செய்வது?

பசு மார்கழியில் ஈன்றது, கிடாரிக் கன்று. அடிமாட்டுப் பேச்சு அந்த வீட்டில் பிறகு எழவில்லை. தை மாதம் அக்கா என்னிடம், "தம்பி, சந்தையில நீ அவருக்கு எடுத்துக் காட்டுனியாமே, அந்தக் கொம்புக் கத்தி இருக்குமா?" என்று கேட்டாள். இருந்தது. அதே தட்டில், விற்காமல். வாங்குகிறவர்களின் புத்தியைப் பற்றி அதற்கு மேல் சான்று எனக்குத் தேவைப்படவில்லை. கத்தியைக் கையில் கொடுக்கக்கூடாது என்பதால் துவைக்கல்லின் மேல் வைத்தேன். எடுத்தாள், திறந்தாள், கட்டைவிரல் நகத்தின் மேல் அலகை இழுத்துப் பார்த்தாள்.

"இதுல காது கொடயறதுக்கு ஒண்ணுங் காணமே?" என்றாள். மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது, மாட்டுக் கொட்டகைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும்.

ஒன்று மட்டும் எனக்கு உறுதியில்லை. 1976 ஆயுத பூஜையன்று அந்தக் கொம்புக் கத்தி இலையில் இருந்ததா, அவள் இடுப்பில் இருந்ததா? அன்று நான் சித்திரபுரத்தில், மின்சார வாரியக் குடியிருப்பில், ஒரு உறவினர் வீட்டில் இருந்தேன். இலையில் தன் கத்திக்குப் பக்கத்தில் இருந்தது என்கிறார் மச்சான். அக்காவைக் கேட்டால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுகிறாள். பூஜையில் இருந்த வேறு யாரையும் இதுவரை நான் விசாரிக்கவில்லை. ஆகவே இது சரிபார்க்கப்படாதது என்றே இங்கே குறிக்கிறேன்.